ஈஸ்வர பிள்ளை திருப்பிக் கொடுத்த ஸ்கோப்புகள்

கேரளத்தின் தெற்கு எல்லையில், பாறசாலை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரில், போட்டோஸ்டாட் கடையின் மாடியில் ஈஸ்வர பிள்ளைக்கு ஒரு அறை உண்டு. அங்கே உட்கார்ந்து ஆதாரம் எழுதுவது அவர் தொழில். ஆதாரம் என்றால் இந்தப் பக்கத்தில் நிலப் பத்திரம். யாருடைய பூமி யாருக்குப் போகிறது, அதற்குக் கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று மலையாளத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவும் அப்பாவின் அப்பாவும் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாக்கள். பேனா பிடிப்பது அந்தக் குடும்பத்துக்குப் பிறவிக் குணம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் அமரவிளையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், சாயங்காலம் திரும்பிப் போவார். நடுவில் ஊரார் பூமியெல்லாம் அவர் கை வழியாகக் கைமாறும்.

ஆதாரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. அளவு ஒத்துவரவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், தான் எழுதியதை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். "முன்னாதாரத்திலெ பிழை" என்பார்கள். அதாவது, இதற்கு முன்னால் எவனோ எழுதிய பத்திரத்தில் பிழை. பத்துக்கு எட்டு தடவை அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். அந்தக் குணத்தில் உள்ள ஆபத்தே அதுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்து மூன்றாம் வயதில் துப்பாக்கி ஆசை வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு. கல்லூரி நாளிலிருந்தே உள்ளே கிடந்தது. என்.சி.சி. முகாம் ஒன்றில் எல்லாரையும் கவிழ்ந்து படுக்கச் சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் குண்டு கொடுத்தார்கள். ஈஸ்வர் சுட்டதெல்லாம் ஒரு நாணயத்தால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் விழுந்தது. மீசைக்கார ஹவில்தார் அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, இது யாருடையது என்று இந்தியில் வரிசை முழுக்கக் கேட்டபடி நடந்தார். தன்னுடையது என்று ஈஸ்வர் படுத்தபடியே கையைத் தூக்கினார். அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று வீட்டில் கேட்டபோது, "நமக்கெல்லாம் பேனா போரும்டே" என்று அப்பா சொன்னார். போதும் என்று ஈஸ்வரும் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்த எதையும் யாரும் கையில் தூக்கிப் பிடித்து இது யாருடையது என்று கேட்டதில்லை. மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டுக்கு மாடி எடுத்தாயிற்று. இனி தன் கையாலும் தன் கண்ணாலும் ஒரே ஒரு காரியத்தை நேராகச் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் அந்த மனிதருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆசைக்கு உரம் போட்டவன் ஷிபு. பூவாரில் டூரிஸ்டுகளுக்குப் போட் ஓட்டுகிறவன். காயலுக்கு அடியில் விழுந்த என்ஜின், நங்கூரம் இதையெல்லாம் முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கி எடுத்துக் கொடுப்பதும் உண்டு. வீட்டு மனைக்கு ஆதாரம் எழுத வந்தவன், பிள்ளையின் போனில் ஏர் ரைஃபிள் படம் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனும் இன்னும் சில பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரோட்டுப் பக்கம் வேலை நின்றுபோன ஒரு பாறைக்குழியில் கூடித் தகடு வைத்துச் சுடுகிறவர்கள்.

"அண்ணா, ஸ்பிரிங் தோக்கு வாங்காண்டாம்," என்றான் ஷிபு. "அது வெடிக்கும்போ முன்னயும் பின்னயும் குதிக்கும். குதிச்சுக் குதிச்சு ஸ்கோப்பெ நாசமாக்கும். பிசிபி வாங்குங்க. சிலிண்டர்லெ முன்னமே காத்து அடைச்சு வைக்கதாக்கும். சுட்டா அனங்காது. காத்துக்கு நானுண்டு."

லைசென்ஸ் வேண்டாத வகையில் எது நல்லது என்று பிள்ளை ஒரு மழைக்காலம் முழுக்க ஆராய்ந்தார். மரப் பிடியா பிளாஸ்டிக் பிடியா, நெம்புகோல் பக்கத்திலா பின்னாலா, காற்று எத்தனை சுடலுக்கு வரும், குழல் நீளமா கட்டையா. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் இத்தனை கேள்வி கேட்டதில்லை என்று அவர் மனைவி ஆனந்தலட்சுமியே சொன்னாள். அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"ஒங்களுக்கு யாரெச் சுடணும்?"

"தகர டப்பாவெ."

"டப்பா ஒங்களெ என்ன செய்தது?"

அக்கம்பக்கத்தாருக்கு அவரவர் கணக்கு இருந்தது. ஒருவர் மரச்சீனிக் கிழங்கைத் தோண்டுகிற பன்றியைக் காட்டினார், ஒருவர் பாவற்காயைக் கொத்துகிற மயிலைக் காட்டினார். மயிலைத் தொட்டால் ஜெயில், பன்றிக்கு இது கொசுக்கடி என்று பிள்ளை எல்லாருக்கும் விளக்கினார். அப்படியானால் இது எதற்கு என்று கேட்டுவிட்டு அவர்கள் போனார்கள்.

கடைசியில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி, குழித்துறைப் பாலமும் கடந்து, மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சோமன் என்பவருடைய கடையில் துப்பாக்கியும், அதன் மேல் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப்பும் சேர்த்து வாங்கினார். மரப் பிடி. கன்னத்தில் வைத்தால் ஆலமர நிழல் மாதிரி குளிர்ந்தது. சோமன் அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஸ்கோப்பின் பின்பக்க வளையத்தைத் திருகி, உள்ளே தெரிகிற குறுக்குக் கம்பிகள் ஈஸ்வர பிள்ளையின் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும்வரை நிறுத்திக் காட்டினார். "இனி இது ஒங்களுக்க கண்ணுக்கு உள்ளதாக்கும். வேற ஆளு தொட்டா மாறிப்போவும்," என்றார்.

பாறைக்குழியிலும் அதே சட்டம்தான். ஒருவன் தன் கண்ணுக்கு வைத்ததை இன்னொருவன் தொடக்கூடாது. கேட்டு வாங்கிப் பார்ப்பதுகூட அங்கே மரியாதை இல்லை.

முதல் இரண்டு மாதம் பிள்ளை வேறு மனிதராக இருந்தார். திங்கட்கிழமை ஆபீஸ் மாடியில் ஏறும்போது படி இரண்டு இரண்டாகத் தாண்டினார். ஷிபு சிலிண்டரிலிருந்து குழாய் மாட்டிக் காற்று ஏற்றிக் கொடுப்பான். பிள்ளை மேசையில் மணல் பை போட்டு, அதன் மேல் துப்பாக்கியை வைத்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுவார். தகடு டிங் என்று சுழலும். அந்தச் சத்தம் அவருக்கு வாரம் முழுக்கக் காதில் கேட்டது. அந்த மனிதருக்கு அந்த இரண்டு மாதமாவது கிடைத்ததே என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது.

சித்திரை விஷு கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது, நெட்டுக் கம்பி நடுவில் லேசாக வளைந்திருந்தது.

துடைத்தார், வளையத்தைத் திருகினார். வளைவு போகவில்லை. தகட்டில் சரியாக எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் கம்பி ஒரு பக்கமாக நெளிந்தது. பார்வையைச் சற்று மேலே கொண்டுபோனால் நெளிவும் கூடவே மேலே வந்தது. உள்ளே கம்பி கழன்று ஆடுகிறது என்று தீர்மானித்தார்.

"பாலம் கடந்து வந்த சாமான்லியா," என்றான் ஷிபு. "அந்தப் பக்கத்துச் சாமான் எல்லாம் டூப்ளிக்கேட்டாக்கும் அண்ணா. இல்லெங்கி செக்போஸ்ட்லெ போட்டு உருட்டியிருப்பான்."

அமரவிளையில் சரக்கு லாரிகளை நிறுத்திப் பிரித்துப் போட்ட அந்தக் காலம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எல்லையோரத்துக்காரனுக்கு எது கெட்டாலும் பழி போட ஒரு இடம் தயாராக இருக்கும். இந்தப் பக்கத்தான் அந்தப் பக்கத்துச் சாமானை நம்ப மாட்டான். அந்தப் பக்கத்தான் இந்தப் பக்கத்து மருந்தைக்கூட நம்ப மாட்டான். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உள்ள ஈஸ்வர பிள்ளையோ, இரண்டு பக்கத்துச் சந்தேகத்தையும் சேர்த்தே வைத்திருந்தார். ஸ்கோப்பைப் பெட்டியில் போட்டு சோமன் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

சோமன் வாசலில் வெளிச்சத்துக்கு வந்து, ஸ்கோப்பை எதிர்ப்பக்கத்து மின்கம்பத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"கம்பி நேராத்தான் நிக்குது, பிள்ளெ."

"ஒங்களுக்கு அப்பிடித்தான் தெரியும்," என்றார் ஈஸ்வர பிள்ளை. விற்றவன் வேறு என்ன சொல்வான் என்று அதற்கு அர்த்தம். சோமனுக்கும் அது புரிந்தது. முகம் சிறுத்துவிட்டது. அதே வகையில் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் உள்ளதைச் சொன்னார், மற்றவர் அதை வியாபாரப் பேச்சு என்று தள்ளினார். அந்த நிமிஷத்தில் பிள்ளை ஸ்கோப்பை இடது கண்ணில் வைத்துப் பார்த்திருக்கலாம். இப்போது நாம் சொல்லி என்ன பயன்? வலது கண்ணால் குறி பார்க்கிறவன் எதற்காக இடது கண்ணில் வைப்பான்?

இரண்டாவது ஸ்கோப்பிலும் கம்பி வளைந்தது. முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. ஒரே இடத்தில் வாங்கினால் ஒரே கோளாறுதானே இருக்கும் என்று பிள்ளை சமாதானம் சொல்லிக்கொண்டார். இதையும் சோமனிடம் கொடுத்தபோது அவர் பார்க்கக்கூட இல்லை. "வேற கடெயிலெ நோக்குங்க," என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஊர் திரும்பும்போது பிள்ளைக்கு மனதில் ஒரு வெற்றி. பார்க்காமலே திருப்பி எடுத்துக்கொண்டான் என்றால் பிழை உண்டென்றுதானே பொருள்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கியது. பாறைக்குழியில் தண்ணீர் கட்டியது, ஞாயிற்றுக்கிழமைகள் சும்மா போயின. மழைக்குள் உட்கார்ந்து பிள்ளை மூன்றாவது ஸ்கோப்பைத் தேடினார். இந்த முறை கண்ணாடி ஜப்பானில் இருந்து வர வேண்டும் என்றார்கள் துப்பாக்கிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில். மலிவுச் சாமான்களில் கம்பி வளைவது உண்டா என்று கேட்டதற்கு, உண்டு உண்டு என்று முகம் தெரியாத பத்து பேர் பதில் போட்டார்கள். ஒருவர்கூடக் கண்ணைக் காட்டினாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிள்ளை கோபப்பட்டிருப்பார். தினமும் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கிறவர், கண்ணில் குறை என்றால் ஒத்துக்கொள்வாரா? இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எழுத்து எழுத்தாகத்தான் இருந்தது. ஒரு கண் செய்யாத வேலையை மற்ற கண் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஸ்கோப் கொச்சியிலிருந்து ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. ஓணம் கழிந்த ஞாயிறு பாறைக்குழியில் ஒரு போட்டி. பரிசு என்னவோ ஒரு குலை நேந்திரன் பழம்தான். ஆனால் பிள்ளை அதற்காகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அன்று அவர் ஒரு தகட்டைக்கூடத் தொடவில்லை. ஸ்கோப்பின் நடுவில் கம்பி வளைவதோடு நிற்காமல், தகடு இருந்த இடமே புகை பிடித்தாற்போல் மங்கிக் கிடந்தது. சுற்றிலும் பாறை, புல், பின்னால் தேங்கிய தண்ணீர் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. குறி பார்க்க வேண்டிய இடம் மட்டும் இல்லை. குண்டுகள் பாறையில் பட்டுத் தெறித்தன. யாரோ சிரித்தார்கள். ரதீஷ் என்ற இளவட்டப் பையன் ஒருவன், "பிள்ளெச் சேட்டன் பாறையெ விலைக்கு வாங்கியாச்சு" என்றான். அவரும் கூடச் சிரித்தார். காது மட்டும் சிவந்துவிட்டது.

எல்லாரும் கலைந்த பிறகு ஷிபுவே சட்டத்தை மீறினான். "அண்ணா, கோவப்படப்பிடாது, நான் ஒண்ணு நோக்கட்டா?" என்று துப்பாக்கியை வாங்கிக் கன்னத்தில் வைத்தான். டிங். மறுபடி டிங். மூன்றாவது தகடும் சுழன்றது. ஷிபு தலையைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரியத் தொடங்கிவிட்டது.

"ஸ்கோப்பு சரிஞ்சு இருக்கும்ணா," என்றான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "தூக்குநூலு கெட்டி அதுக்கு நேரெ பிடிச்சு நோக்குங்க. எல்லாருக்கும் முதல்லெ இதுதான் பிரச்சினெ."

மறுநாள் பிள்ளை ஆபீசுக்குப் போகவில்லை. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கி வந்து, ஸ்கூட்டர் நிறுத்துகிற ஷெட்டின் உத்தரத்திலிருந்து நூலைத் தொங்கவிட்டார். நல்ல வெயில். காற்றே இல்லை. குண்டு ஆடி ஆடி நின்றது. பின்னால் வெள்ளையடித்த சுவர். மேசையில் துப்பாக்கியை வைத்து, இடது கண்ணை மூடி, கம்பியையும் நூலையும் ஒன்றாக்கப் பார்த்தார்.

இரண்டும் வளைந்திருந்தன.

ஸ்கோப்பு கெட்டிருந்தால் கம்பி வளையும், சரி. தூக்குநூல் எப்படி வளையும்? அடியில் இரும்புக் குண்டு தொங்குகிறதே. பிள்ளை துப்பாக்கியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். வெறுங்கண்ணோடு நூலுக்கு எதிரே போய் நின்று, இடது கண்ணைக் கையால் பொத்தினார். நூல் நடுவில் முறிந்த மாதிரி விலகி, ஒரு விரல் அளவுக்குக் காணாமலே போய், கீழே மறுபடி தொடங்கியது. கையை எடுத்து வலது கண்ணைப் பொத்தினார். நூல் நேராக நின்றது.

மறுபடி மாற்றினார். மறுபடியும் மாற்றினார்.

முற்றத்தில் துணி காயப்போட வந்த ஆனந்தலட்சுமி, மனுஷன் ஒரு நூலுக்கு முன்னால் நின்று கண்ணை மாற்றி மாற்றிப் பொத்துவதைப் பார்த்துச் சிரித்தாள். "என்ன, கண்ணுபொத்திக் களியா?" என்றாள். அவர் திரும்பிய முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது.

"லட்சுமி, எனக்க கண்ணு போச்சு," என்றார்.

திருவனந்தபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு விட்டார்கள், இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். டாக்டர் நடுவயதுப் பெண், பொறுமைக்காரி. திரையில் படத்தைக் காட்டி மலையாளத்தில் விளக்கினாள். கண்ணுக்குள்ளே, பின்பக்கத்தில் விழித்திரை என்று ஒன்று. அதன் நடுவில், நாம் நேராகப் பார்ப்பதற்கென்று உள்ள சிறிய இடம். அதற்கு அடியில் முளைக்கக்கூடாத இரத்தக்குழாய் முளைத்துக் கசிந்திருக்கிறது. கசிந்த இடம் இப்போது தழும்பாகிவிட்டது. ஓரப் பார்வை இருக்கும். நடுப் பார்வை இனி வராது.

"ஊசியோ ஆபரேஷனோ?" என்றார் பிள்ளை.

தழும்புக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள். கோடுகள் வளையத் தொடங்குகிற நாளில் வந்தால் ஊசி போட்டு நிறுத்தப் பார்க்கலாம், பலருக்கு நின்றிருக்கிறது. ஆனால் யாரும் அப்போது வருவதில்லை, ஒரு கண் போவது மற்ற கண்ணால் தெரிவதில்லை, எப்போது தொடங்கியது என்றுகூட யாருக்கும் சொல்லத் தெரியாது என்று சொல்லிவிட்டு, வழக்கமாகக் கேட்பதுபோல அவரிடமும் கேட்டாள். உங்களுக்கு முதலில் எப்போது வளைந்து தெரிந்தது?

"விஷு கழிஞ்ச அடுத்த ஞாயிறு," என்றார் பிள்ளை. "காலையிலெ."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். இவ்வளவு சரியாகத் தெரிந்திருந்தும் ஏன் வரவில்லை?

பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஸ்கோப்பு மாத்தீட்டு இருந்தேன்," என்றார்.

டாக்டருக்கு அது விளங்கவில்லை. கோடு வளைந்த அன்றைக்கே எவனுக்கும் தெரியாத காரியம் அவருக்குத் தெரிந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்க்கிற ஆசை இல்லாதிருந்தால் அது தெரிந்தே இருக்காது. துப்பாக்கி தன் வேலையைச் சரியாகச் செய்தது, ஸ்கோப்பும் செய்தது, சோமனும் உள்ளதைச் சொன்னார். கண்ணைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அத்தனை மாதத்தையும் பிள்ளை நல்ல ஸ்கோப் தேடுவதில் கழித்துவிட்டார். இதை நினைக்கிற வேதனைக்குத் தூக்கம்கூட மருந்தாகவில்லை.

இடது கண்ணிலும் நல்ல சேதி இல்லை. அதன் நடுவிலும் மஞ்சளாகச் சில பொட்டுகள் படிந்திருப்பதாகப் படம் காட்டியது. பல வருஷம் அப்படியே கிடக்கலாம், கிடக்காமலும் போகலாம் என்றாள் டாக்டர். கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தாள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. தினம் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். ஒரு கோடு வளைந்தாலும் அன்றைக்கே வர வேண்டும்.

"அன்னைக்கே," என்று ஆனந்தலட்சுமி தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பேசியது அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஷிபு இரண்டு நாள் கழித்து வந்தான். உட்காரவில்லை. "நானாக்கும் அண்ணா, டூப்ளிக்கேட்டுண்ணு சொன்னது," என்றான். "நானாக்கும் சொன்னது."

"நீ சொல்லல்லெங்கி நானே சொல்லியிருப்பேன்டே," என்றார் பிள்ளை. அது உண்மை. மற்றவர் எழுதியதில் பிழை கண்டுபிடித்தே அவர் காலம் ஓடியிருக்கிறது.

இடது தோளில் வைத்துச் சுடலாம், பழகினால் வரும், அதற்கென்று பிடி உண்டு என்றெல்லாம் ஷிபு தயங்கித் தயங்கிச் சொன்னான். பிள்ளை தலையசைத்தார்.

"மிச்சம் உள்ளது இந்த ஒரு கண்ணு. இதெ விளையாட்டுக்குச் செலவாக்க எனக்குப் பயமாட்டு இருக்குடே."

துப்பாக்கி அலமாரிக்கு மேலே போயிற்று. அதன் பக்கவாட்டில் காற்றின் அளவு காட்டுகிற சின்ன முள் ஒன்று உண்டு. யாரும் சுடாமலே அது வாரத்துக்கு வாரம் கொஞ்சம் இறங்கியது. ஷிபு ஏற்றித் தருகிறேன் என்றான், பிள்ளை வேண்டாம் என்றார். சோமனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்று அடிக்கடி நினைத்தார். இரண்டு முறை குழித்துறை வரைக்கும் போய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கமே ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தார். நீர் சொன்னதுதான் சரி என்று சொல்ல அவருக்குப் பழக்கமே இல்லை.

தொழில் நடந்தது. ஆனால் நேராக இருக்க வேண்டிய எதையும் அவரால் சும்மா பார்க்க முடியவில்லை. வாசல் நிலை, மின்கம்பம், பஸ்ஸின் ஜன்னல் கம்பி, மேசை ஓரம், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் சட்டைக் கட்டம், எதைக் கண்டாலும் கை தானாக வலது கண்ணுக்குப் போகும். ஆதாரம் எழுத வந்தவர்கள் தங்கள் பத்திரத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருப்பதுகூட அவருக்குச் சுகமாக இல்லை. திறக்கும்போது எப்படி இருக்குமோ என்ற நினைப்பு.

கட்டத்தாளை அடுக்களைக்குப் போகிற வழியில், வாஷ்பேசினுக்குப் பக்கத்துச் சுவரில் ஆனந்தலட்சுமி ஒட்டியிருந்தாள். பல் தேய்த்ததும் அவர் அதன் முன்னால் நிற்பார். அவள் அடுப்படியில் இருந்தபடியே, "எப்பிடி?" என்பாள். அவர், "நேராட்டு," என்பார். அதற்குப் பிறகுதான் அவள் தோசைக்கல்லைப் போடுவாள்.

ஐப்பசியில் துலாவர்ஷ மழை அந்த வருஷம் விடாமல் பிடித்தது. சுவரெல்லாம் ஓதம். ஒரு காலையில் அவள் வழக்கம்போல எப்பிடி என்று கேட்டாள்.

"இந்தப் பேப்பரு கொள்ளாது, கேட்டியா," என்றார் பிள்ளை. "ஈரம் பிடிச்சு நடுவிலெ பொங்கியிருக்கு. கோடெல்லாம் நெளியுது. வேற நல்ல பேப்பராட்டு ஒண்ணு பிரிண்டு எடுக்கணும்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரைச் சற்று விலக்கி நிறுத்தினாள். தாளின் மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு மற்றதைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"பேப்பரு சுவரோட ஒட்டித்தான் இருக்கு," என்றாள். "கோடு நேராட்டுத்தான் இருக்கு."

"ஒனக்கு அப்பிடித்தான்..." என்று தொடங்கிய பிள்ளை அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவள் அழுதுகொண்டே போனை எடுத்து ஷிபுவை ஒரு கார் பிடித்துக்கொண்டு வரச் சொன்னாள். பிள்ளை வலது கண்ணைப் பொத்திய கையை எடுக்காமல் அவள் பக்கம் திரும்பினார். நெற்றியும் காதுகளும் தலைமுடியும் தெளிவாகத் தெரிந்தன. நடுவில் மூக்கும் வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தன.

"எப்பம் முதல் இப்பிடித் தெரியுது?" என்று கேட்டாள்.

"போன வாரத்துலெ ஒருநா லேசாட்டு தெரிஞ்சுது," என்றார் ஈஸ்வர பிள்ளை. "மழையாக்கும்ணு நெனச்சேன்."